சீருடையிலிருந்து அமைச்சக நாற்காலிக்கு: எந்த வழி, எந்த வயதில்?

போன மாதம் ஒரு கர்னல் வீட்டுக்கு வந்திருந்தார். கமிஷன் ஆகி, அதாவது அதிகாரியாக நியமனம் பெற்று, என் யூனிட்டில் வந்து சேர்ந்தபோது அவருக்கு 22 வயது, இப்போது 46. பிரிகேடியர் பதவி உயர்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போர்டில் முதல் சுற்றில் பெயர் வரவில்லை. மறுபரிசீலனைக்கு இன்னும் இரண்டு சுற்று பாக்கி. காபியை ஆறவிட்டுவிட்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"சார், பாதுகாப்புக் கொள்கை முடிவாகிற இடத்தில நான் உட்காரணும். அதுக்கு உள்ளேயே இருக்கணுமா, பேப்பர் போட்டுட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கி, வெளியே வந்து முயற்சி பண்ணணுமா?"

அன்று ராத்திரி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் அதிகாரிகளும், அதைவிட அதிகமாகக் கவலைப்படும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எந்த நாற்காலி? 'பாதுகாப்பு அமைச்சகம்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே ஐந்து துறைகள் இருக்கின்றன: பாதுகாப்புத் துறை, ராணுவ விவகாரத் துறை, பாதுகாப்பு உற்பத்தித் துறை, ஆராய்ச்சி மேம்பாட்டுத் துறை, முன்னாள் படைவீரர் நலத் துறை. பாதுகாப்புச் செயலர் பதவி சுதந்திரம் வந்ததிலிருந்து இன்றுவரை சிவில் அதிகாரிகளிடம்தான் இருக்கிறது. சீருடையில் இருப்பவர் அரசின் செயலராகவும் இருக்கலாம் என்ற நிலை வந்ததே 2020 ஜனவரியில்தான். ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஆனார், கூடவே புதிதாக அமைத்த ராணுவ விவகாரத் துறையின் செயலரும் ஆனார். ஆனால் பணப்பெட்டியின் பெரிய சாவி அந்தத் துறையிடம் போகவில்லை. விமானம், கப்பல், பீரங்கி என்று மூலதனக் கொள்முதல் முழுக்க பாதுகாப்புத் துறையிடமே இருக்கிறது. அன்றாடச் செலவினக் கொள்முதல், படைகளின் நிர்வாகம், முப்படை ஒருங்கிணைப்பு இவைதான் ராணுவ விவகாரத் துறைக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'அமைச்சகத்துக்குப் போகிறேன்' என்று கிளம்புவது, எந்த ஊர் என்று சொல்லாமல் டிக்கெட் கேட்பது மாதிரி.

அடுத்தது வயதுக் கணக்கு. மேஜர் ஜெனரலும் அரசின் இணைச் செயலரும் சம்பள அட்டவணையில் ஒரே நிலை: லெவல் 14, தொடக்கம் 1,44,200 ரூபாய். காகிதத்தில் இருவரும் சமம். ஆனால் நேரடித் தேர்வில் வந்த ஐஏஎஸ் அதிகாரி அந்த இடத்துக்கு நாற்பதுகளின் நடுவிலேயே வந்துவிட முடியும். ராணுவ அதிகாரி வந்து சேரும்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். அதற்கப்புறம் எவ்வளவு காலம் மிச்சம்? கர்னலுக்கு ஓய்வு வயது 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. மேசையின் ஒரு பக்கம் இருப்பவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் கோப்புகளோடு இருக்கப்போகிறவர். எதிர்ப்பக்கம் இருப்பவர் நான்கு வருடத்தில் வீட்டுக்குப் போகிறவர். கொள்கை என்பது பத்து வருடப் பொறுமை கேட்கிற வேலை. முப்படைத் தலைமைத் தளபதி வேண்டும் என்று அமைச்சர்கள் குழு சொன்னது 2001இல், ஆள் வந்து உட்கார்ந்தது 2020இல். இந்த வேகத்தைத் தாங்குகிற மனசு இருக்கிறதா என்று அவரவர் தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சீருடையிலேயே இருந்து மேலே போவது முதல் வழி. பெரும்பாலானோர் மனதில் இருப்பதும் இதுதான். போர்டுகள் ஒவ்வொன்றாகக் கிளியர் ஆக வேண்டும், நடுவில் டெல்லியில் சரியான போஸ்டிங் அமைய வேண்டும், தேசியப் பாதுகாப்புக் கல்லூரிக்குப் பெயர் வர வேண்டும். டெல்லி தீஸ் ஜனவரி மார்க்கில் 1960 முதல் நடக்கும் அந்தக் கல்லூரியின் 47 வாரப் படிப்பைப் பலரும் பதவி உயர்வுக்கான படிக்கட்டாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதன் அருமை வேறு இடத்தில் தெரிகிறது. பிரிகேடியர் ஒருவர் ஓர் ஆண்டு முழுக்க சிவில் அதிகாரிகளோடு, பிறநாட்டு அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வாதாடும் இடம் நம் நாட்டில் அது ஒன்றுதான் என்றே சொல்வேன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் மேஜர் வயதில் போட்ட அஸ்திவாரத்துக்கு மேல் எழுப்புகிற சுவர் அது.

இந்த வழியில் இப்போது ஒரு புதுக் கதவும் திறந்திருக்கிறது. 2021இல் மேஜர் ஜெனரல் நிலையில் உள்ள சீருடை அதிகாரிகள் ராணுவ விவகாரத் துறையில் முறைப்படி இணைச் செயலர்களாக நியமிக்கப்பட்டார்கள். அதற்குமுன் சேவைத் தலைமையகத்திலிருந்து அமைச்சகத்துக்குக் கோப்பு அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த தலைமுறை என்னுடையது. இன்று கோப்பைத் திறக்கும் மேசையிலேயே சீருடை உட்கார்ந்திருக்கிறது. இது சின்ன மாற்றம் இல்லை.

மேல்மட்டத்தில் என்ன நடக்கலாம் என்பதற்கு ஜெனரல் அனில் சௌகானின் பாதையைப் பார்க்கலாம். 2021 மே மாதம் கிழக்குக் கட்டளையின் தலைவராக, லெப்டினன்ட் ஜெனரல் பதவியில் ஓய்வுபெற்றார். வீட்டில் உட்காரவில்லை, பிரதமர் தலைமையிலான தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் செயலகத்தில் ராணுவ ஆலோசகராகப் போனார். அந்த டிசம்பர் 8ஆம் தேதி நடந்ததை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது, பனிமூட்டத்துக்குள் கிராமத்து ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதன்பின் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்தப் பதவி காலி. 2022 ஜூனில் விதியைத் திருத்தி, 62 வயதைத் தொடாத ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் நிலை அதிகாரிகளையும் நியமிக்கலாம் என்றார்கள். செப்டம்பர் 30 அன்று சௌகான் மீண்டும் சீருடை அணிந்து பொறுப்பேற்றார், இந்த முறை நான்கு நட்சத்திரம், முழு ஜெனரல்.

இதிலிருந்து இரண்டு பாடம் எடுக்கிறேன். ஒன்று, ஓய்வுக்கும் நியமனத்துக்கும் இடையில் செயலகத்துக்குள் இருந்தது அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. இரண்டு, இதை யாராலும் திட்டமிட முடியாது. ஒரு விபத்தும் ஒரு விதித் திருத்தமும் சேர்ந்து வந்த வாய்ப்பு அது. 'ரிட்டையர் ஆனதும் ஏதாவது கூப்பிடுவார்கள்' என்று காத்திருந்து ஏமாந்த மூன்று நட்சத்திரக்காரர்களை, அதாவது லெப்டினன்ட் ஜெனரல் நிலையில் இருந்தவர்களை, எனக்கே தெரியும்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும், நமக்குப் பக்கத்துப் பெயர். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்த வைஸ் அட்மிரல் ஜி. அசோக் குமார். கடற்படைத் துணைத் தளபதியாக 2021 ஜூலையில் ஓய்வுபெற்றார். 2022 பிப்ரவரியில் நாட்டின் முதல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஆனார். கடலோரக் காவல்படை, கடற்படை, மாநில போலீஸ், மீன்வளத் துறை, துறைமுகங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற அமைப்புகளை ஒரு மேசைக்குக் கொண்டுவருகிற வேலை. நேவிகேஷன் படித்த அதிகாரிக்கு அது பொருத்தமாகவே படுகிறது. கப்பலை ஓட்டும் உத்தரவு அங்கே கிடையாது, எல்லோரையும் ஒரே திசைக்குச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

இரண்டாவது வழி, சின்ன வயதிலேயே சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி மறுபடி கீழிருந்து தொடங்குவது. இது கர்னலுக்கு இல்லை. ஐந்து வருடமாவது பணியாற்றி வெளியேறும் ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) அதிகாரிக்குத் தேர்வு வயதில் ஐந்து ஆண்டு சலுகை உண்டு. பொதுப்பிரிவுக்கு 32 என்றால் அவருக்கு 37 வரை. பரங்கிமலை ஆபீசர்ஸ் அகாடமியிலிருந்து 24 வயதில் லெப்டினன்டாக வெளியே வரும் ஒருவர் 34இல் பத்து வருடப் பணியை முடிக்கிறார். தேர்வுக்கு மூன்று வருடம் கையில் இருக்கும். 1962 சீனப் போருக்குப்பின் அவசரக் கமிஷனில் எடுக்கப்பட்டவர்களில் பலர் அறுபதுகளின் கடைசியிலிருந்து இப்படித்தான் ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளுக்குள் வந்தார்கள். நீண்ட காலம், முழு அதிகாரம் இரண்டும் கிடைக்கிற வழி இது ஒன்றுதான். ஆனால் பாதுகாப்பு அமைச்சகத்துக்கே போஸ்டிங் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மாவட்டம், வேளாண்மை, நகராட்சி எல்லாம் பார்த்த பிறகு எப்போதாவது ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். மக்கள் நிர்வாகம் பிடித்தவர்கள் மட்டும் போக வேண்டிய வழி.

நடுவயதில், வெளியாட்களை நேராக மேல்பதவிக்கு எடுக்கும் நேரடி நியமனம் (லேட்டரல் என்ட்ரி) வழியாக இணைச் செயலர் ஆகலாம் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த அறிவிப்பு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி யாரும் பேப்பர் போட வேண்டாம்.

மூன்றாவது அரசியல். இதைச் சொன்னாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஜனநாயகத்தில் செயலருக்கும் தளபதிக்கும் மேலே இருப்பவர் அமைச்சர்தான், அமைச்சரைக் கேள்வி கேட்பது நாடாளுமன்றம். ஜஸ்வந்த் சிங் 1966இல் ராணுவத்தை விட்டு வெளியே வந்தவர். பாதுகாப்பு அமைச்சகத்தை ஏற்றது 2001இல், அதுவும் வெளியுறவை வைத்துக்கொண்டு சில மாதங்கள்தான். இடையில் 35 வருட அரசியல்! மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி 1990இல் ஓய்வுபெற்று மறு வருடமே மக்களவைக்குப் போனார். அவர் நெடுஞ்சாலைத் துறை அமைச்சராக இருந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் மதிப்பது வேறொன்றை. 2018 மார்ச்சில் அவர் தலைமையிலான பாதுகாப்பு நிலைக்குழு, ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்று ராணுவமே சொன்ன கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. தன் சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது செய்த காரியம் அது. அந்தக் கணக்கைப் படித்தவுடன் அதன் பொருள் புரிகிற ஒருவர் தலைவராக இருந்ததால்தான் அது வெளியே வந்த விதத்தில் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த வழிக்கு ரேங்க் எந்த உதவியும் செய்யாது. தொகுதியில் 'கர்னல் சாப்' என்று வணக்கம் வைப்பார்கள், ஓட்டு வேறு கணக்கு. பணியில் இருக்கும்போது கட்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது, சட்டமும் விடாது, மானமும் விடாது. ஓய்வுபெற்ற பிறகும் ஒரு வருடமாவது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுப் போவதுதான் சீருடைக்கு மரியாதை. அமெரிக்காவில் இப்படி ஓர் இடைவெளியைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1947 சட்டப்படி பணியிலிருந்து விலகிப் பத்து ஆண்டு ஆகாதவர் பாதுகாப்புச் செயலர் (அங்கே அது அமைச்சர் பதவி) ஆக முடியாது. 2008இல் அதை ஏழாகக் குறைத்தார்கள், 2021 கடைசியில் ஜெனரல் நிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் மறுபடி பத்தாக்கினார்கள். 1950இல் ஜார்ஜ் மார்ஷல், 2017இல் ஜேம்ஸ் மாட்டிஸ், 2021இல் லாயிட் ஆஸ்டின் என்று மூன்று பேருக்கு மட்டும் நாடாளுமன்றம் தனியாக விலக்கு கொடுத்தது.

அந்த இடைவெளி ஏன் வேண்டும் என்று இலங்கையைப் பார்த்தால் புரியும். லெப்டினன்ட் கர்னலாக வெளியேறிய கோத்தபய ராஜபக்ச, அண்ணன் அதிபராக இருந்த 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலர். போரை நடத்தும் தளபதிகளும், அவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய செயலரும், செயலரைக் கேள்வி கேட்க வேண்டிய அதிபரும் ஒரே பக்கம் நின்றார்கள். 2009இன் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று தமிழர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அமைச்சகத்துக்குப் போகும் ராணுவ அதிகாரி தன் பழைய படையின் வக்கீலாகப் போகக் கூடாது. இதை அந்தக் கர்னலிடம் இரண்டு முறை சொன்னேன்.

நான்காவதாக ஆய்வு நிறுவனங்கள், பாதுகாப்புத் தொழில் நிறுவனங்கள். சம்பளம் நன்றாக இருக்கும், கருத்து சொல்லலாம், முடிவு எடுக்க முடியாது. தனியார் வேலையென்றால் கர்னலுக்கும் அதற்கு மேலானவர்களுக்கும் ஓய்வுபெற்ற முதல் ஆண்டில் அரசின் அனுமதி வேண்டும். கர்னல் கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் கர்னலின் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். 20 வருடம் முடித்த அதிகாரிக்கு ஓய்வூதியம் உண்டு, அது சரி. ஆனால் தாமாக விண்ணப்பித்து வெளியேறுகிறவர்களுக்கு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' இல்லை என்று 2015 நவம்பர் 7 அறிவிக்கை சொன்னது. அதை எதிர்த்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதனால் பேப்பர் போடும் நாளில் நிலவரம் என்ன என்று ஓய்வூதியப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூடப் பயிற்சி எடுத்த கோர்ஸ்மேட் சொன்னான் என்று முடிவு எடுக்கக் கூடாது. இன்னொன்று, பேப்பர் போட்டால் உடனே விட்டுவிடுவார்கள் என்பதும் இல்லை. அனுமதி கிடைத்தால்தான் வெளியே வர முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. அப்புறம்தான் என் பழைய கதையைச் சொன்னேன். டெல்லியில் நான் தலைமையகத்தில் இருந்தபோது ஒரு தொடர்புச் சாதனத்துக்காக ஸ்டேட்மென்ட் ஆஃப் கேஸ், அதாவது ஏன் வாங்க வேண்டும் என்று விளக்கும் கோரிக்கைக் குறிப்பு, தயாரித்தேன். பதினொரு பக்கம். அலைவரிசை, எடை, பேட்டரி, பனிமலையில் சோதித்த விவரம், எல்லாம் இருந்தது. நிதி ஆலோசகரைத் தாண்டி அமைச்சகம் போய், மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: "இதில் நான் எதை முடிவு செய்ய வேண்டும்?" எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ராத்திரி மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம். எத்தனை வேண்டும், வாங்காவிட்டால் எந்த வேலை நிற்கும், வேறு என்ன வழி இருக்கிறது, ஏன் அது போதாது, இந்த வருடம் எவ்வளவு பணம் என்பது பதினொரு பக்கத்தில் எங்கேயும் சேர்ந்தாற்போல் இல்லை. நான் ராணுவத்துக்குள் இருப்பவர்களுக்காக எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கமாக்கி அனுப்பினேன், நகர்ந்தது.

சீருடையிலிருந்து அமைச்சகத்துக்குப் போகிறவர் எடுத்துக்கொண்டு போக முடிவது இந்தத் திறமை ஒன்றைத்தான். ரேங்க் வாசலோடு நின்றுவிடும். படையில் உத்தரவு போட்டால் நடக்கும், செயலகத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும், அதில் மூன்று பேர் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். தமிழ்நாடு கேடர் ஐஏஎஸ், ஒருநாளும் சீருடை போட்டவர் இல்லை. 1999இல் கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், அவருக்குப் பக்கத்தில் உறுப்பினராக ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி. ராணுவத்தைப் பற்றி ராணுவத்தினரும் உட்கார்ந்து படிக்கும்படி அவர் எழுதினார். அதே போல சிவில் அதிகாரி உட்கார்ந்து படிக்கும்படி எழுதத் தெரிந்த ராணுவ அதிகாரி எந்த வழியில் போனாலும் தேறுவார்.

ஆக, 46 வயதில், இரண்டு போர்டு பாக்கியுள்ள கர்னலுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். பேப்பர் போட வேண்டாம், இப்போது வேண்டாம். அடுத்த போஸ்டிங்குக்கு ராணுவ விவகாரத் துறையையோ தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தையோ கேட்டு எழுதுங்கள். யூனிட் கமாண்ட் முடிந்துவிட்டது, இனி இழக்க ஒன்றும் இல்லை. அங்கே இரண்டு வருடம் கோப்போடு இருந்து பாருங்கள். பிடித்திருந்தால், போர்டு கிளியர் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராக உங்களைக் கேட்க நான்கு பேருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால், நல்லவேளை, ஓய்வூதியத்தைப் பணயம் வைக்காமலே தெரிந்துகொண்டீர்கள். இதே கேள்வியை 30 வயது கேப்டன் கேட்டிருந்தால் தேர்வு எழுதச் சொல்லியிருப்பேன். கிராமம் கிராமமாகப் போய் மனிதர்களோடு பேசுவதில் உயிரே இருக்கிறவர் கேட்டிருந்தால் அரசியலைச் சொல்லியிருப்பேன்.

"அப்ப போர்டு வரலைன்னா கௌரவம்?" என்று கேட்டார். அதுதான் அவர் ராத்திரி முழுக்கக் கேட்க நினைத்த கேள்வி என்று அப்போது புரிந்தது. பதில் சொல்லவில்லை. மேசையிலிருந்த பேடை அவர் பக்கம் தள்ளினேன். "உங்க யூனிட்டுக்கு இப்ப உடனே வேண்டிய ஒரு விஷயத்தை, பாதுகாப்புச் செயலர் படிக்கிற மாதிரி, ஒரு பக்கத்துல எழுதிட்டு வாங்க."

போன வாரம் அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. நடமாடும் பனிக்குடில்கள் பற்றிய கோரிக்கை. எத்தனை வேண்டும், எதற்கு வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை பேர் எத்தனை நாள் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்று மூன்று பத்தி. நான்காவது பத்தியில் மட்டும் மறுபடி தொழில்நுட்ப விவரத்துக்குள் போய்விட்டார். அதை இணைப்பாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.